அறை குளிர்கிறது

ஹோகிடிகா நூலகத்தின் பின்னறை.
தகரக் கூரையில் மழை ஓயாமல் பேசுவதால்
நான் கொஞ்சம் கத்தித்தான் வகுப்பெடுப்பேன்.
பன்னிரண்டு நாற்காலி, ஆறு வயிறு,
சிவப்புக் கம்பளியில் பின்னிய ஒரு கருப்பை,
அதன் கழுத்து வழியே தலை நீட்டத் தெரிந்த
ரப்பர் பொம்மை.
பொம்மை எப்போதும் சரியாகவே பிறக்கும்.
முதல் தடவையிலேயே.
மலைக்கு அந்தப் பக்கம்
யாரையும் கூப்பிட வேண்டி வராது.

நான்கு வருடம் இப்படி.
மூக்கால் இழுங்கள், வாயால் விடுங்கள்.
கணவன்மார் மனைவியர் முதுகைத் தேய்ப்பார்கள்,
கார் கழுவுகிற மாதிரி.
கடைசி வாரம் கேக்.

மார்ச்சில் அனாஹேராவைப் பார்த்தேன்,
சூப்பர் மார்க்கெட்டில், டயப்பர் வரிசையில்,
நெஞ்சோடு கட்டிய பிள்ளையுடன்.
"மூச்செல்லாம் நீங்க சொன்ன மாதிரியே வந்துச்சு.
மூச்சு விட்டுக்கிட்டே கையெழுத்துப் போட்டேன்.
எதுல போட்டேன்னு இன்னும் தெரியல."
சிரித்துக்கொண்டே சொன்னாள்,
இரண்டாம் அளவா மூன்றாம் அளவா என்று
பாக்கெட்டைப் புரட்டியபடி.
திட்டியிருந்தால் தேவலை.

அன்றிரவு கருத்துத் தாள்களின் பெட்டியைக்
கொட்டிப் பார்த்தேன்.
மிக நன்று. மிக நன்று. பிஸ்கட் நன்று.
அறை குளிர்கிறது.
அத்தனையும் பிரசவத்துக்கு முன்னால் நிரப்பியவை.
உலை வைக்கும் முன்பே
உப்புச் சரி என்று சொன்ன தாள்கள்.

அடுத்த கூட்டத்தில்
கருப்பையைப் பையிலிருந்து எடுக்கவில்லை.
நடுவில் ஒரு நாற்காலி போட்டு
நானே டாக்டரானேன்.
அவசர டாக்டர். வாசலில் ஒரு கால்.
ஐந்து வாக்கியம் மளமளவென்று சொல்லிப் பேனாவை நீட்டினேன்.
ஆறு பேரும் வாங்கிக்கொண்டார்கள்.
ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

அப்போதுதான் லாக்லன் தொண்டையைச் செருமினான்,
கொகடாஹியில் மாட்டுப் பண்ணை வைத்திருப்பவன்,
ஐந்து வாரமாக வாய் திறக்காதவன்.
"இருநூறு கன்னு இந்தக் கையால இழுத்திருக்கேன்.
மாட்டுக்கு எப்போ ஆளக் கூப்பிடணும்னு எனக்குத் தெரியும்.
இவளுக்கு எப்போன்னு சொல்லுங்க."
சிலர் சிரித்தார்கள்.
பிரையனி சிரிக்கவில்லை, அவன் மனைவி.

பதில் என்னிடம் இருந்தது.
நாற்பதாவது ஸ்லைடில்.
ஒரு கூட்டத்திலும் நாங்கள் அதுவரை போய்ச் சேர்ந்ததில்லை.
பிள்ளை அசைவது குறைந்தால், என்றேன்,
விடியட்டும் என்று பார்க்காதே.
ரத்தம் கண்டால்.
தலைவலி போகாமல், கண் முன்னால் பூச்சி பறந்தால்.
பிறகு, ஒருபோதும் சொல்லாததையும் சொன்னேன்:
மேகம் இறங்கிவிட்டால்
ஹெலிகாப்டர் மலையைத் தாண்டாது.
காத்திருக்க நேரலாம்.
பயமுறுத்தக் கூடாதென்று இத்தனை நாள்
நான் காத்தது இவர்களையா, என்னையா?

ஒரு ஜோடி கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பியது.
இதற்கா வந்தோம் என்றார் அந்த மனிதர்.
நியாயம்தான். கேக்குக்கும் அவர்கள் வரவில்லை.

மற்றவர்களை எழுந்து நிற்கச் சொன்னேன்.
"கொஞ்சம் நில்லுங்க. எதுக்குன்னு சொல்லுங்க."
பிரையனிக்கு முதலில் காற்றுதான் வந்தது.
இரண்டாம் முறை மன்னிப்புக் கேட்பது போல.
மூன்றாம் முறை
மழையைவிடச் சத்தமாக.
லாக்லன் அவளைப் புதிதாகப் பார்த்தான்.

இப்போது தாள்களை வகுப்பில் நீட்டுவதில்லை.
தபால்தலை ஒட்டிக் கையில் கொடுத்துவிடுகிறேன்,
பிள்ளைக்கு ஆறு வாரம் ஆனதும் அனுப்புங்கள் என்று.
அந்தக் கூட்டத்திலிருந்து மூன்று வந்திருக்கின்றன.
ஒன்றில் பால் கறை.
ஒன்றில் வெறும் "நன்றி"; அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
ஒன்று பிரையனியுடையது:

நில்லுங்கன்னு சொன்னேன். நின்னாங்க.
ஒரு நிமிஷம்தான். அப்புறம் வெட்டினாங்க.
எதுக்குன்னு எனக்குத் தெரியும்.
லாக்லனுக்கும் தெரியும்.
பொண்ணு, மூணு கிலோ நூறு.

கீழே, வேறு பேனாவில், கட்டை எழுத்தில்:
அறை குளிர்கிறது.